அதுவா வருதுண்ணே

பெர்த் நகரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பக்கவாட்டில், என் தோளுயரத்துக்கு ஒரு கற்றாழை நிற்கிறது. சாம்பல் பூத்த நீல நிறம், கை அகலத்துக்கு மடல்கள். ஒவ்வொரு மடலின் நுனி முள்ளிலும் ஓர் ஒயின் பாட்டில் தக்கை குத்தியிருக்கும். பக்கத்து வீட்டு ஷெரில் செய்த வேலை அது. அவளுடைய பேரப்பிள்ளைகள் தாழ்வான மரவேலியைத் தாண்டி எங்கள் பக்கம் பந்தெடுக்க ஓடிவருவார்கள், கண்ணில் குத்திவிடக் கூடாதாம். குடிவந்த புதிதில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் நாங்கள் அந்த முள்ளுக்காகத்தானே அதை நடுகிறோம்? ஆட்டைக் குத்த வேண்டும், மாட்டைக் குத்த வேண்டும், அடுத்தவன் கொல்லையில் முந்திரிக்கொட்டை பொறுக்க நுழைகிறவனின் தொடையைக் கிழிக்க வேண்டும். முள்ளுக்குத் தொப்பி போட்டு வளர்க்கிறவர்களை நான் அதுவரை கண்டதில்லை. போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் தம்பி குமாருக்கு அனுப்பினேன். அவன் சிரிக்கவில்லை. கற்றாழை என்றாலே எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை என்பதை நான்தான் மறந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் முந்திரிக்கொல்லைக்கும் சித்தப்பாவின் கொல்லைக்கும் நடுவே எல்லை என்றால் அந்தக் கற்றாழை வேலிதான். பாகம் பிரித்த காலத்தில் நட்டது. பொதுவேலியில் ஒரு பங்காளி தன்னிச்சையாகக் கை வைத்தால் அது சண்டைக்கு இழுப்பது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அப்பா அதில் மகா கறார். வேலியோரம் எது முளைத்தாலும் தொடமாட்டார், எங்களையும் தொடவிடமாட்டார். ஆனால் வேலி வருடத்துக்கு வருடம் எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தது. தள்ளி நின்ற ஓரத்து முந்திரி மரம் ஒரு கட்டத்தில் முள்ளோடு முட்டிக்கொண்டு நின்றது. சித்தப்பாதான் இருட்டில் வந்து கன்று நட்டு இடத்தைப் பிடிக்கிறார் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால், வேலியோரம் சித்தப்பா நிற்கிறார். ஒரு கையில் கடப்பாரை, இன்னொரு கையில் வேரில் மண் உதிராத கற்றாழைக் கன்றுகள். வேறென்ன சாட்சி வேண்டும்?

“நான் நடலண்ணே, அதுவா வருதுண்ணே!” என்று கத்தினார் சித்தப்பா. முந்திரிக்கொட்டை பொறுக்கும் கூடையோடு அப்பாவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன், அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் அரிவாள் முதலில் ஒரு மடலைச் சீவியது, அடுத்த வீச்சில் சித்தப்பாவின் வலது கையில் இறங்கியது. இரண்டு வெட்டுக்கும் ஒரே சத்தம்தான் கேட்டது, ‘சதக்’ என்று, ஈரமாக. எது மடல், எது கை என்று சத்தத்தை வைத்து யாரும் சொல்லியிருக்க முடியாது. முழங்கைக்குக் கீழே கை தொங்கியது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். அப்பா ஜெயிலுக்குப் போனார், திரும்பி வந்தார், கொஞ்ச காலம் யாரிடமும் பேசாமல் இருந்து செத்துப்போனார். சித்தப்பா சொன்ன அந்த வார்த்தை மட்டும் சாகவில்லை. எங்கள் வீட்டில் யார் பொய் சொன்னாலும், “அதுவா வந்துச்சாக்கும்?” என்றுதான் கேட்போம். பிள்ளை சட்டையில் மை கொட்டினால் அதுவா வந்துச்சாக்கும். கல்யாணமான புதிதில் என் கணவர் செந்தில் தாமதமாக வந்தாலும் அதுவா வந்துச்சாக்கும். ஒரு மனிதனின் கையை வெட்டிவிட்டு அவன் கடைசியாகக் கெஞ்சிய வார்த்தையை நாங்கள் கேலிக்கு வைத்துக்கொண்டோம். அது எங்களுக்கு உறுத்தவே இல்லை.

போன வாரம் குமார் போன் செய்தான். “அக்கா, மறுபடியும் வேலிய நகத்திட்டாய்ங்க. திங்கக்கெழம ஜேசிபி வருது, மொத்தத்தையும் பேத்து எறியப் போறேன். குறுக்க அவரு வந்தாலும் சரி, அவரு மகன் வந்தாலும் சரி, அப்பா செஞ்சதத்தான் நானும் செய்வேன்.” அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னது இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. நான் அழுதேன், திட்டினேன், சத்தியம் கேட்டேன். அங்கே அம்மாவும் அதையே செய்துகொண்டிருந்தாள். அவன் அசையவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் செந்தில் வடை சுடுகிறேன் என்று கிளம்பி, எண்ணெயைக் கையில் தெறிக்கவிட்டார். தோட்டத்துக் குழாயடியில் சின்னதாக ஒரு கற்றாழை தனியாக நின்றது. ஓடிப்போய் ஒரு மடலை அறுத்து, பிழிந்து, புறங்கை முழுக்கத் தேய்த்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேருமே கற்றாழையைக் கற்றாழை என்றே சொல்லி வளர்ந்தவர்கள். தலையில் தேய்ப்பதும் அதுதான், வேலியில் நிற்பதும் அதுதான். சற்று நேரத்தில் கை நெருப்பாக எரிந்து, சிவந்து, முழங்கை வரைக்கும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. வலியில் அந்த மனுஷர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். எமர்ஜென்சியில் நர்ஸ் என்ன தடவினீர்கள் என்று கேட்டாள். “ஆலோ” என்றார். அவள் அவருடைய குறிப்பில் ஆலோவேரா அலர்ஜி என்று ஏற்றிக்கொண்டாள். அலர்ஜி எல்லாம் இல்லை, அவர் கேப்பைக் கூழ் குடிப்பது போல அதைக் குடித்தவர் என்று நான் சொன்னேன். அவள் இன்னும் பயந்துபோனாள்.

மறுநாள் காலையில் ஷெரில் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். தன் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு மடலை ஒடித்துக் காட்டினாள். வெள்ளரிக்காய் போல மளுக்கென்று ஒடிந்தது, உள்ளே தெளிவான சோறு. “இது ஆலோ. வருடா வருடம் பூக்கும்.” பிறகு குழாயடிச் செடியின் மடலை முறிக்கப் பார்த்தாள். முறியவில்லை. முறுக்கி இழுத்தபோது உள்ளே நார் நாராகப் பிடித்துக்கொண்டது. “இது அகேவ். ஒரே ஒரு தடவை பூத்துவிட்டுச் செத்துப்போகும்.” பக்கவாட்டில் நின்ற பெரிய செடியின் மடல் முதுகையும் தடவிப் பார்க்கச் சொன்னாள். அதில் பல் பதிந்தது போல ஒரு வரிசைத் தடம் இருந்தது. குருத்தில் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு வளரும்போது பக்கத்து மடலின் முள் பதிந்த தடமாம். பிரிந்து விரிந்த பிறகும் அது போவதில்லை. எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை.

“இதை இங்கே யார் நட்டது?” என்று குழாயடிக் கன்றைக் காட்டிக் கேட்டாள். கட்டுப் போட்ட கையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்த செந்திலிடம் அதையே தமிழில் கேட்டேன். “நான் நடலப்பா. அதுவா வந்துருக்கு” என்றார். பழக்கதோஷத்தில் நான் சிரிக்க வாயெடுத்தேன். சிரிப்பு வரவில்லை. ஷெட்டில் கிடந்த கடப்பாரையை எடுத்துவந்து குழாயடியில் குத்தினேன். வெறி வந்தவள் போலக் குத்தினேன். கன்றின் அடியிலிருந்து விரல் தடிமனில் வெள்ளையாக ஒரு வேர், தரைக்குள்ளேயே படுத்தபடி, நேராகப் பெரிய செடிக்குப் போனது. அங்கிருந்து இன்னொன்று எதிர்ப்பக்கம் கிளம்பி மரவேலிக்கு அடியில் நுழைந்திருந்தது. ஷெரில் எட்டிப் பார்த்துவிட்டு, “உங்கள் செடி என் எல்லைக்குள் வந்துவிட்டது” என்றாள்.

“சாரி, ப்ளீஸ், இப்போதே எடுத்துவிடுகிறேன், நாங்கள் நடவில்லை, சத்தியமாக நடவில்லை” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “டார்லிங், எனக்கு ஒரு செடி இலவசமாகக் கிடைத்திருக்கிறது, அதற்கா அழுகிறாய்?” என்று கேட்டாள். தக்கை எடுத்துவர வீட்டுக்குள் போனாள்.

குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். முந்திரி உதிரும் காலத்தில் மரத்தடி சுத்தமாக இருந்தாக வேண்டும். சித்தப்பா தன் பக்கம் முளைத்த கன்றுகளைப் பேர்த்துப் போட்டுச் சுத்தமாக வைத்திருந்தார். அப்பா மானஸ்தர், வேலியைத் தொடமாட்டார். பூத்த தாய்ச்செடிகள் செத்து விழுந்தன, சித்தப்பா பக்கம் அவற்றுக்கு வாரிசு இல்லை, எங்கள் பக்கம் மட்டும் கன்றுகள் தழைத்தன. வேலி நகர்ந்தது இப்படித்தான். அன்றைக்கு அவர் கையில் இருந்தவை நட வந்த கன்றுகள் அல்ல, பிடுங்கிய கன்றுகள்.

குமாரை வீடியோவில் கூப்பிட்டேன். கேமராவைத் திருப்பி வேரைக் காட்டினேன், அது போகும் வழி முழுக்கக் காட்டினேன். “பாருடா, யாரும் நகத்தல. அதுவே நகருதுடா.” அவன் வேரையே உற்றுப் பார்த்தான். முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

“அப்ப நம்மப்பா ஒரு செடிக்காவா ஜெயிலுக்குப் போனாரு? ஒரு செடிக்காவா நம்ம ஆத்தா ஊரு வேலைக்கெல்லாம் போயி நம்மள வளத்துச்சு? சொல்லுக்கா!”

“குமாரு, கேளுடா…”

“நீ அங்கிட்டுப் போயி ஒக்காந்துக்கிட்டு, செத்த மனுசன முட்டாளாக்குறியா?”

போன் கீழே விழும் சத்தம். கூரை உத்தரம் மட்டும் தெரிந்தது. “டேய் குமாரு, அருவாள வையிடா!” என்று அம்மா அலறுவது கேட்டது, அதோடு தொடர்பு அறுந்தது.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகனின் நம்பர் இருந்தது. இத்தனை வருடத்தில் அதை நான் தொட்டதில்லை. விரல் வழுக்கி வழுக்கி அழுத்தினேன். எடுத்தது சித்தப்பா.

“மகன் போன வச்சிட்டு டவுனுக்குப் போயிருக்கான். யாரு?”

“நான்தான் சித்தப்பா. மலரு.”



“நீங்க நடல சித்தப்பா. அது அதுவாத்தான் வருது.”

“அதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை.

“குமாரு வாரான் சித்தப்பா. உள்ள போயிக் கதவச் சாத்திக்கங்க!”

“தெரியிது. வேலிக்கு அங்கிட்டு நிக்கிறான். கைல அருவா வச்சிருக்கான்.” பிறகு சொன்னார்: “இந்த வயசுல எங்கிட்டு ஆத்தா ஓட?”

சதக்.

நான் கத்தினேன். இன்னொரு சதக். இன்னொன்று. எந்தச் சத்தம் எதனுடையது என்று எனக்குத் தெரியவில்லை, அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. சித்தப்பா சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வெட்டுக்கு நடுவே குமாரின் குரல் வந்தது. “அதுவா வருதாம்… அதுவா வருதாம்…” ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருமுறை சொல்லிச் சொல்லி அழுதான்.

“வேலியத்தான் வெட்டுறான்” என்றார் சித்தப்பா.

“சாறு தெறிக்கும், கண்ணு போயிரும், தள்ளி நிக்கச் சொல்லுங்க சித்தப்பா.”

“வெட்டட்டும் ஆத்தா. விடு. அதுவா வந்துரும்.”

போனைக் காதிலிருந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு காதில் எங்கள் கொல்லையில் அரிவாள் விழுந்துகொண்டிருந்தது. எதிரே, மரவேலிக்கு அந்தப் பக்கம், ஷெரில் குனிந்து தன் மண்ணில் முளைத்திருந்த எங்கள் கன்றுக்குத் தக்கை குத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, பத்திரமாக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நானும் ஒரு கையை உயர்த்தினேன்.