பட்டனை அமுக்கும் விரல்

மரக்காணத்தில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு பெண் வருவார். உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் வேலை. புடவைக் கரையில் உப்பு பூத்திருக்கும்; விரல் நுனிகள் வெடித்திருக்கும். இடுப்பில் மகன், கையைப் பிடித்தபடி ஏழு வயது மகள். ஏற்கெனவே எம்.ஏ. தமிழ் முடித்தவர், இப்போது அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறார். எதற்கு இன்னொன்று என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

ஃபீஸ் கட்டுவதற்கான விவரங்களையெல்லாம் நான்தான் நிரப்புவேன். பணம் கட்டும் கடைசி பட்டனை மட்டும் என்னை அமுக்க விடமாட்டார். "நீ அமுக்குடி" என்று மகளை முன்னால் நிறுத்துவார். அவருக்கு விரல் எரிகிறது போலும் என்று நினைத்திருந்தேன்.

போன முறை அந்தச் சிறுமி மவுஸைப் பிடித்தபடி கேட்டாள். "இது என் ஸ்கூல் ஃபீஸாம்மா?"

"இல்லடி, என்னுது. உன்னுது அடுத்த மாசம்."

அமுக்கினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, கொழந்தைய போயி ஏன் அமுக்கச் சொல்றீங்க?"

"நாளைக்கு பெரியவளாகி, எங்களுக்கு செய்யாம உனக்கே செலவு பண்ணிக்கினியேன்னு கேப்பா இல்ல அண்ணா? அப்ப சொல்லுவேன், நீதாண்டி கட்டுனன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மகள் சிரிக்கவில்லை. நான் அச்செடுத்துக் கொடுத்த ரசீதை நாலாக மடித்துத் தன் பென்சில் டப்பாவுக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

அந்த ரசீது யாருக்குச் சாட்சி என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.