விளக்குத் தூண் அம்மாசி

"குடுங்க சார், நான் எடுக்கறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் செல்போன் அம்மாசியின் கைக்கு மாறியிருக்கும். கரியாலூர்ப் பக்கம் அருவியில் குளித்துவிட்டு மலையிறங்கிச் சங்கராபுரம் திரும்புகிறவர்கள், பொழுது சாயும் நேரத்தில் ரோட்டோரம் பச்சையும் சிவப்புமாக மின்னும் தூணைக் கண்டு வண்டியை நிறுத்துவார்கள். போரில் இறந்துபோன உள்ளூர்ச் சிப்பாய்களுக்கு ஊரார் எழுப்பிய நினைவுத் தூண் அது. அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள யாருக்கும் ஆசை வரும். வந்தவர்கள் அம்மாசியிடம் மாட்டிக்கொள்வார்கள்.

தூணில் வெட்டியிருக்கும் சிப்பாய்களின் பெயர்களை மறைக்கக் கூடாது என்று பாதிப் பேரைத் தூணுக்கு இந்தப் பக்கமும் பாதிப் பேரை அந்தப் பக்கமும் நிறுத்துவார். செல்போனை நெட்டுக்குத்தாகப் பிடிப்பார். படத்தில் தூண் அடிப்பீடம் முதல் உச்சியில் இருக்கும் சிமெண்டுத் துப்பாக்கி வரை பழுதில்லாமல் விழும். சேதாரமெல்லாம் மனிதர்களுக்குத்தான். கல்யாணமாகி மறுவீட்டுக்கு வந்த ஜோடி ஒன்றுக்கு, மாப்பிள்ளையின் ஒரு காதும் பெண்ணின் ஒரு தோளும்தான் மிஞ்சின. மாப்பிள்ளை கோபப்பட்டபோது அம்மாசி பொறுமையாகச் சொன்னார்: "உங்கள எங்க வேணா எடுத்துக்கலாம் சார். இந்தத் தூணு வேற எங்கனா கீதா?"

வேலை என்று பார்த்தால் அவர் ஊராட்சியின் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர். மோட்டார் போடுவார், நிறுத்துவார், வால்வு திறப்பார். தூணைச் சுற்றியிருக்கும் சீரியல் விளக்குகள் அவரே ஏணி போட்டுக் கட்டியவை. கல்லில் வெட்டியிருக்கும் பெயர்களில் முதலாவது ராஜாங்கம். அம்மாசியின் கூடப்பிறந்த அண்ணன். படம் எடுக்க வருகிறவர்கள் "யாருங்க இவங்க?" என்று கேட்டால், "நம்ம ஊரு ஆளுங்கதான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவார். வெளியூர்க்காரர்கள் முன்னால் அழ அவருக்கு வெட்கம்.

அவர் மாலை முழுவதும் தூணடியிலேயே கிடப்பதற்கு அண்ணன் பாசம் மட்டும் காரணமில்லை என்பதும் ஊரறிந்த விஷயம். மனைவி குஞ்சம்மாள் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்குக் காது இரண்டும் அடைத்துப்போகும். ஆனால் மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், எதிரில் நேருக்கு நேர் நிற்பதும் குரலை உயர்த்துவதும் அவர்கள் வழக்கத்தில் இல்லை. ராஜாங்கம் லீவில் வந்தால் குஞ்சம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவார். இப்போது மூத்தார் கல்லில் பெயராக நிற்கிறார் என்பதால் அந்த மரியாதை குண்டுமணி அளவும் குறைந்துவிடவில்லை. தூணின் முன்பக்கம் குஞ்சம்மாள் வருவதே இல்லை. ஆகவே அம்மாசி திட்டு வாங்காமல் உட்காரத் தோதான இடம், இந்தப் பூமியில் தூணுக்கு முன்னால் இருக்கும் அந்தத் துண்டு சிமெண்டுத் தரை ஒன்றுதான்.

இந்த நிம்மதிக்கு ஒருநாள் ஆபத்து வந்தது. ஒன்றிய அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி அம்மா, தூண் விளக்குக்கு பம்ப் ரூமிலிருந்து கரண்ட் போவதைப் பார்த்துவிட்டு, இது கணக்கிலேயே இல்லையே, நாளைக்குக் கழற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அம்மாசி போனில் கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சினார். கடைசியில் அதிகாரி அம்மாவும் மனமிரங்கினார். "ஜனங்க வந்து பாக்கற எடம்னு சொல்றீங்கல்ல? லைட் எரியறப்ப ஜனங்களோட ஒரு போட்டோ இன்னிக்கே அனுப்புங்க. கணக்குல சேத்துடலாம்."

பகலில் எடுத்தால் விளக்கு எரிவது தெரியாது. நன்றாக இருட்டிவிட்டாலோ அம்மாசியின் செல்போனில் பல்புகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும், தூண் காணாமல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் வானம் கருநீலமாக நிற்கும் சற்று நேரம்தான் வசதி. ஊருக்குத் தண்ணீர் விடுகிற நேரமும் அதுவே. மோட்டார் ஓடினால் வோல்டேஜ் இறங்கி விளக்குகளுக்குச் சோகை பிடித்துவிடும். அம்மாசி ரொம்ப யோசிக்கவில்லை, மோட்டாரை நிறுத்திவிட்டார்.

விளக்குகள் ஜோராக எரிந்தன. ஜனங்களைத்தான் காணோம். மலையில் மழை என்று அன்று ஒரு வண்டியும் வரவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு போன சின்னக்கண்ணுவைப் பிடித்துத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்து அனுப்பினார். உடனே போன் வந்தது.

"ஆள் எங்க அம்மாசி? ஒரு முழங்கைதான் தெரியுது."

"முழங்கையும் ஆளோடதுதானுங்களே மேடம்."

"முகம் தெரியணும். கூட்டமா இருக்கணும்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

கூட்டம் அப்போது தானாகவே வந்துகொண்டிருந்தது. குழாயடியில் காத்திருந்து அலுத்துப்போன பெண்கள் இடுப்பில் காலிக் குடத்தோடு படை திரண்டு வந்தார்கள். தலைமை குஞ்சம்மாள். தூணை நெருங்கியதும் மற்றவர்கள் முன்பக்கம் வந்து சூழ்ந்துகொள்ள, அவர் மட்டும் பின்பக்கமாக ஒதுங்கி நின்றுவிட்டார். அங்கிருந்து திட்டு வந்தது. மூத்தார் காதில் விழக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லிய குரலில் திட்டினார். முன்பக்கம் தூணை ஒட்டி நின்ற சின்னப்பொண்ணு அதை ஊருக்கே கேட்கும்படி எடுத்துச் சொன்னார்.

"இன்னா நெனச்சிக்கினு கீறன்னு கேக்கறாங்கண்ணே."

"லைட்டு போய்டும்னு சொல்லும்மா. போட்டோ ஒண்ணு அனுப்பிட்டா போதும்."

"வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல, லைட்டையா குடிக்கறதுன்னு கேக்கறாங்க."

"இதோ, இப்ப வுட்டுடறேன்னு சொல்லு."

"இந்தப் பக்கம் வா பேசிக்கலாம்னு சொல்றாங்க. போவாதண்ணே, கையில குடம் கீது."

அம்மாசியின் கண் வானத்தில் இருந்தது. நீலம் கறுத்துக்கொண்டே வந்தது. இப்போது விட்டால் நாளை இந்தத் தூண் இருட்டில் நிற்கும், அண்ணனும் இருட்டில் நிற்பான். செல்போனை நெட்டுக்குத்தாகப் பிடித்தார். பெண்கள் பாதிப் பாதியாகத் தெரிந்தார்கள். படுக்கையாகத் திருப்பினார், துப்பாக்கி போய்விட்டது. பின்னால் போனால் எல்லாமே அடங்கும். ஆனால் பின்னால் ஊர்ச் சாக்கடை.

அம்மாசி பின்னால் ஒரு கால் வைத்தார். அடுத்த காலையும் வைத்தார். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. கையிலிருந்த செல்போனை மட்டும் நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சண்டை போட வந்த பெண்கள் ஒரு கணம் திகைத்துப் பார்த்தார்கள். பிறகு சின்னப்பொண்ணு சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அம்மாசி பட்டனை அமுக்கினார். சாக்கடையில் நின்றபடியே அனுப்பினார். அங்கேயே பதிலுக்கும் காத்திருந்தார். "நல்ல கூட்டம். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. லைட் இருக்கட்டும்" என்று பதில் வந்தது. படத்தில் துப்பாக்கியும் இருந்தது, அத்தனை பேரின் முகமும் இருந்தது. குஞ்சம்மாள் இருந்ததற்கு அடையாளமாகத் தூணுக்குப் பின்னால் ஒரு குடத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

சொட்டச் சொட்ட ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். வால்வைத் திறந்துவிட்டுக் குழாயடிக்கு வந்து, குற்றவாளி போல ஓரமாக நின்றார். இங்கே மூத்தாரும் இல்லை, தூணும் இல்லை. இனி விழப்போகும் திட்டைக் கேட்பதற்குப் பெண்கள் வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு துரு, பிறகு தண்ணீர். குஞ்சம்மாள் குடத்தை நிறைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"நீட்டு" என்றார்.

படம் பார்க்கக் கேட்கிறார் என்று நினைத்து அம்மாசி செல்போனை நீட்டினார்.

"அத்த இல்ல. கால நீட்டு."

குஞ்சம்மாள் குனிந்து, அந்த முதல் குடத்துத் தண்ணீர் முழுவதையும் அவர் காலில் ஊற்றினார்.