அல்போன்சம்மாக்காவைத் தொடாத சத்தி

ஊர்காவற்றுறையில் எங்கள் பக்கத்து வளவில் இருப்பவர் அல்போன்சம்மாக்கா. சத்தியும் வயிற்றோட்டமும் ஊரைப் படுக்கப்போட்ட காலங்களில் எல்லாம் அவர் மட்டும் வாளியும் தும்புக்கட்டையுமாக வீடு வீடாகத் திரிவார். படுத்தவர்களுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து, பழைய மீன்குழம்போடு வயிறு நிறையச் சாப்பிடுவார். ஒன்றும் செய்யாது.

கருவாடு போட்டுத்தான் அவருடைய சீவியம். ஆனால் அவருடைய பெருமை கோயில் திருநாள் கூழில் இருந்தது. கொடியிறக்கத்தன்று பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் நண்டும் இறாலும் போட்டு, பெரிய கிடாரத்தில் அவர்தான் காய்ச்சுவார். அகப்பையை வேறு கை தொட விடமாட்டார்.

அடுத்த வளவு அவருடைய தமையன் யாகப்புவுக்கு. இருவருக்கும் வேலிச் சண்டை. வருடக்கணக்காக நேரே பேச்சில்லை. தமையன் தன் நாயிடம், "அங்கால ஒருத்தி என்ர வேலியில கருவாடு காயப் போட்டிருக்கிறாள்" என்பார். அக்கா தன் கோழியிடம், "வேலி ஆரின்ர காணிக்குள்ள நிக்குதெண்டு கேள்" என்பார். தங்கச்சியின் கைக்கூழைத் தொடமாட்டேன் என்று யாகப்பு சத்தியம் செய்தது ஊருக்கே தெரியும்.

இந்த வருடம் திருநாள் முடிந்த கையோடு ஊரே சுருண்டது. அக்கா வழக்கம்போல் வாளியோடு வெளிக்கிட்டார். கோயில் காரியம் பார்க்கும் மூப்பரின் மனைவிக்கு அந்தச் சாட்டே போதும். அவருக்கு அந்த அகப்பையில் கண். கூழ் கொதிக்கும்போது கிடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததை நான் பார்த்தேன்.

ஞாயிறு பூசை முடிய, கோயில் முற்றத்தில் மூப்பர் தொண்டையைச் செருமினார். "வாற வருசம் கூழை எங்கட வீட்டில காய்ச்சுவம்."

அக்காவின் முகம் வெளிறிப்போனது. "நான் என்ன பிழை விட்டனான்?"

"குடிச்ச ஆக்கள் எல்லாம் படுத்திட்டினம். காய்ச்சின உமக்கு ஒண்டுமில்லை" என்றார் மூப்பரின் மனைவி. "நீர் அந்தக் கூழைக் குடிச்சிருக்க மாட்டீர்."

யாகப்புவின் மகள் நிலக்சனா தாதி. லீவில் வந்திருந்தவள் குறுக்கிட்டாள். "அன்ரி, கூழ் குடியாத கைக்குழந்தையளும் சத்தியெடுத்ததுகள். இது ஆளுக்காள் தொத்துற வைரஸ். அது குடல்ல பிடிச்சு ஏறுறதுக்கு அங்க ஒரு சீனிப்பொருள் வேணும். சில பேருக்கு அது குடல்ல ஊறாது. தாய் தகப்பன் ரெண்டு பக்கத்தாலயும் அந்த அமைப்பு வந்தால்தான் அப்பிடி. மாமியும் அந்த ரகம் போல."

"எனக்குச் சீனி கூட. அதுதான் ரெண்டு நாள் கக்கூசில கிடந்தனானோ?" என்றார் மூப்பர்.

"அந்தச் சீனி வேற, அங்கிள். சோதிச்சுப் பாத்தால்தான் நிச்சயமாச் சொல்லலாம். எல்லா வருத்தத்துக்கும் இது தடையில்லை. மாமி கொரோனாவில படுத்தவாதானே. கூடப்பிறந்த ஆக்களுக்கும் இருக்கலாம்."

மூப்பரின் மனைவி விடவில்லை. "உம்மட அப்பாவும் கூடப்பிறந்தவர்தான். அவர் கூழ் குடிக்கேல்லை, அவருக்கும் வரேல்லை. கூழிலதான் பிழை. செத்த நண்டைப் போட்டிருப்பா."

அதுவரை வேப்பமரத்தடியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார் யாகப்பு. கூழுக்குப் போன நண்டு அவருடைய வலையில் பட்டது.

"ஆர் செத்த நண்டெண்டது? கிடாரத்துக்குள்ள போகுமட்டும் நடந்த நண்டு. நாலு ஓலைப் பிளா நிறையக் குடிச்சனான். எனக்கு என்ன நடந்தது?"

தான் சொன்னது தன் காதிலேயே விழ, அவர் சேட்டுப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார். அது ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

"அப்ப உங்கட சத்தியம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவளின்ர கையால வாங்கேல்லை. றொமேஷ்தான் வாளியில கொண்டு வந்தவன்."

றொமேஷ் அவருடைய வள்ளத்தில் போகிறவன். அக்கா தமையனை நேராகப் பார்த்தார். "றொமேசுக்கு நண்டு திண்டால் உடம்பெல்லாம் தடிக்கும். ஒவ்வொரு வருசமும் அந்த வாளிக்குள்ள பெரிய காலாய்ப் பாத்துப் போட்டது ஆருக்கெண்டு நினைச்சனீங்கள், அண்ணை?"

மூப்பர் மனைவியைப் பார்க்காமலே, "அகப்பை அல்போன்சம்மாவிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த நாள் காலை வேலிக்கு அப்பால் குரல் கேட்டது. யாகப்பு நாயோடு பேசிக்கொண்டிருந்தார். "வாற வருசம் உறைப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு."

அக்கா கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "வேலியை ஒரு முழம் அங்கால தள்ளினால் குறைக்கலாமெண்டு சொல்லு."