எட்டாம் எண் சட்டைக்கு வைத்த வட்டம்

கல்யாண வீடியோவில் பெண்ணின் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரும். வட்டத்துக்கு வெளியே மண்டபமும் மாமன்மாரும் மேளக்காரரும் இருட்டுக்குள் போய்விடுவார்கள். எண்பதுகளில், சிலிபின் என்ற ஊரில் ஒரு வீடியோ கடையில், அந்த வட்டத்தை வைப்பதுதான் என் வேலை. இரண்டு டெக், நடுவில் ஒரு மிக்ஸர், அதில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. குச்சியை அசைத்தால் வட்டம் நகரும். மணப்பெண் நகரமாட்டாள்; அதனால் சுலபம்.

அண்ணன் ஓடுகிறவன்.

நாங்கள் குடியிருந்த தோட்டத்தை அதன் முதலாளிகள் வீடு கட்ட விற்றுவிட்டார்கள். ரப்பர் மரங்கள் சாய்ந்துகொண்டிருந்தன. அண்ணனுக்கு வேலை போயிருந்தது. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை, நன்றாகக் காற்பந்து ஆடுகிறவனுக்கு வேலையும் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டான். ஆடிய டேப் இருந்தால் கொண்டு வா என்றார்களாம். இருந்தது. தோட்டத்துத் திருவிழாவைப் பிடிக்கப் போன எங்கள் கேமராக்காரர், சாமி புறப்படும்வரை சும்மா நிற்பானேன் என்று திடலில் நடந்த ஆட்டத்தையும் நிறுத்தி நிறுத்திப் பிடித்திருந்தார். மழை, சேறு, தூரத்தில் ஆட்கள்.

"இதுல நான் எங்கன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? பொண்ணுக்கு வைப்பியே, அதை எனக்கு வையி."

"நம்பர் என்னாண்ணே?"

"எட்டு."

எட்டின் பின்னால் ஓடினேன், உட்கார்ந்த இடத்தில், ஒரு குச்சியோடு. அவன் நிற்பான், வட்டம் தாண்டிப் போகும். அவன் திரும்புவான், வட்டம் வெறும் புல்லைக் காட்டும். மறுபடி முதலிலிருந்து. சாயங்காலத்துக்குள் ஒருவழியாக வட்டமும் எட்டும் சேர்ந்து ஓடப் பழகின. கடைசியில் அந்த எட்டு ஒரு கோல் அடித்தது. அடிக்கும்போது வட்டம் அதன் மேலேயே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்நேரம் அண்ணனை ஏற்றிப்போக மோட்டார் சைக்கிளில் வந்த கூட்டாளி, லாரியில் சாமான் ஏற்றுகிறவன், வாசலில் நின்று டிவியைப் பார்த்தான்.

"டேய் மச்சான், அது நான்லா!"

"வாய மூடு. எட்டு என் சட்டை."

"சட்டை உன்னுது. உள்ள இருந்த ஒடம்பு என்னுது. நீதானே கழட்டிக் குடுத்த?"

தோட்டத்து அணிக்கு இருந்தது ஒரே ஒரு செட் சட்டை. களைத்து வெளியே வருகிறவன் கோட்டோரத்தில் கழற்றிக் கொடுப்பான்; உள்ளே போகிறவன் அந்த ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடுவான். எங்களுக்கு அது சோறு தின்பது மாதிரி. அதனால் அண்ணன் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. சட்டை கைமாறிய நேரம் கேமரா ஓடவில்லை.

"கோலுக்கு அப்புறந்தான் கழட்டினேன். அடிச்சிட்டுத்தான் மூச்சு வாங்கிச்சு."

"அது வேற ஆட்டம் மச்சான்."

படத்தை நிறுத்திப் பார்த்தோம். நிறுத்தினால் வெள்ளைக் கோடுகள் சரியாக முகத்தின் மேல் நடுங்கின. இருவருக்கும் ஒரே நீள முடி, நனைந்து ஒட்டியிருந்தது. அண்ணன் டிவிக்கு அருகே போய்க் குந்தினான்.

"தங்கச்சி, நீ சொல்லு. இது நானா?"

கூடவே வளர்ந்தவள் நான். இருட்டில் செருப்புச் சத்தத்தை வைத்தே அவனைச் சொல்லிவிடுவேன். ஓடி வரும்போது அவன்தான், திரும்பும்போது இல்லை, உதைக்கும்போது யாரோ. வட்டத்துக்குள் வருகிற எவனும் என் அண்ணன் போலவே தெரிந்தான்.

"தெரியலண்ணே."

"அப்ப கோலை வெட்டிடு. சந்தேகத்தை எதுக்கு அனுப்பணும்?"

பதறியவன் கூட்டாளிதான். "வெட்டாத தங்கச்சி! டேய், வேலைய நீ எடுத்துக்க. கோல் என்னுது. ஆனா டேப்புல இருக்கட்டும். வெட்டிட்டா ரெண்டு பேருமே அடிக்கலன்னு ஆயிடும்லா."

வெட்டவில்லை. டேப் கமுந்திங் போனது. அண்ணனைக் கூப்பிட்டார்கள், வேலை கொடுத்தார்கள், ஆட்டத்தில் தற்காப்புக்கென்று பின்வரிசையில் நிறுத்திவிட்டார்கள். எதிராளியின் கோல் பக்கமே அவன் போக வேண்டியிருக்கவில்லை.

தீபாவளிக்கு வந்தவனிடம் கேட்டேன். "எதைப் பாத்து எடுத்தாங்கண்ணே? நீ ஓடினதையா, உன் கூட்டாளி ஓடினதையா?"

"நான் கேக்கல."

"ஏன்?"

"கேட்டா, டேப்பைத் திரும்பப் போட்டுப் பாப்பாங்க."