மொந்தெல் என்ற பெயரில் வந்தவன்

ஞானஸ்நானப் பதிவில் ஒரு குழந்தையின் பெயரைக் கண்டதும் உதயகுமாரி சந்தோஷப்படுவதில்லை. உடனே அடக்கப் பதிவுகளைத் திறந்து, அந்தக் குழந்தை செத்துவிட்டதா என்று தேடத் தொடங்குவாள். கணினித் திரையில் பழைய தேவாலயப் புத்தகத்தின் பக்கங்கள் நகரும். இடது கையில் தேக்கரண்டி இருக்கும். ஒஸ்லோவின் குறொன்லாண்டு கடைத்தெருவில் வாங்கும் மிக்சரைக்கூட அவள் கரண்டியால் அள்ளித்தான் சாப்பிடுவாள். விசைப்பலகையில் எண்ணெய் படக்கூடாது. "பிறந்ததைக் கண்டவுடனை எல்லாரும் புத்தகத்தை மூடிப்போடுவினம்" என்பாள். "பிறந்தவர் உயிரோடை இருந்தவரோ எண்டு ஆரும் பாக்கிறேல்லை."

பருத்தித்துறையில் பிறந்து, பாரிசில் நான்கு வருடம் அகதியாக இருந்து, கலியாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வந்தவள். பாரிசில் காதால் பிடித்த பிரெஞ்சைப் பல்கலைக்கழகத்தில் தீட்டிக்கொண்டாள். இப்போது நகரின் ஓரத்தில் உள்ள பியோர்ண்டாலிலிருந்து பஸ் ஏறிப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பிக்கிறாள். மிச்ச நேரமெல்லாம் ஹியூகனோக்களோடுதான். முந்நூறு வருடங்களுக்கு முதல், அரசன் தங்கள் மதத்தைத் தடைசெய்ததால் பிரான்சை விட்டு ஓடிய புரட்டஸ்தாந்துக்காரர்கள் அவர்கள். சில குடும்பங்கள் ஜெர்மனியில் தங்கி, பிறகு டென்மார்க்கின் பிரடெரிசியாவுக்குப் புகையிலை நடப் போயின. அங்கிருந்து ஒருவர் இருவர், அன்று டென்மார்க் அரசனின் கையில் இருந்த நோர்வேக்கும் வந்தார்கள். அவர்களுடைய வாரிசுகள் இன்று உதயகுமாரியைத் தேடி வருகிறார்கள்.

பதிவுகளில் அகப்படாத ஆட்களோடு அவள் திரையைப் பார்த்துக் கதைப்பாள். "எட தம்பி, ஜெர்மனியிலை ஏறினனி, எங்கையடா இறங்கினனி?" சமையலறையிலிருந்து கணவர் குரல் கொடுப்பார்: "இறங்கின இடத்தைச் சொன்னா பொலிசிலை குடுத்துப்போடுவாய் எண்டு பயப்பிடுறானாக்கும்."

அந்தப் பகிடியில் பாதிதான் பகிடி. நோர்வேயில் எல்லாருக்கும் அவர் ஆனந்தராஜா. பெற்றோர் வைத்த பெயர் இந்திரகுமார். ஆனந்தராஜா என்பது பெரியப்பாவின் மகனுடைய பெயர்; கடவுச்சீட்டு எடுத்து வைத்துவிட்டு, பயணத்துக்கு முதல் அவன் செத்துப்போனான். படத்தை மாற்றி ஒட்டி, அந்தச் சீட்டில் இவரை ஏற்றிவிட்டார்கள். ஆனந்தராஜாவின் பிறந்தநாளுக்கு வீட்டில் கேக் வெட்டுவார்கள், ஆட்கள் வருவார்கள். வேறொரு மாதத்தில், காரணம் சொல்லாமல், உதயகுமாரி பாயாசம் காய்ச்சுவாள். "என்ன விசேசம்?" என்று அயலவர் கேட்டால், "சும்மா, சவ்வரிசி கிடந்தது" என்பாள். பொய் அடையாளம் என்று தெரிந்தால் எத்தனை வருடம் போனாலும் குடியுரிமையைத் திருப்பி எடுக்கலாம். அது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் கதைப்பதில்லை.

அப்படித் தேடி வந்தவர்களில் ஒருவர் கரோலினா; அவரை அறிமுகப்படுத்தியது பள்ளிக்கூடத்துச் சக ஆசிரியை ஒருத்தி. கரோலினா நெடிய, மெலிந்த, எதையும் குறித்துக்கொள்ளாமலே ஞாபகம் வைத்திருக்கும் மனுஷி. போன இலையுதிர் காலத்தில் தம்பியைப் பறிகொடுத்தவர். அந்தத் தம்பி சாகும்வரை கழுத்தில் ஹியூகனோச் சிலுவை அணிந்திருந்தார். அதையே அவருடைய கல்லறைக் கல்லிலும் செதுக்கி, மேலே நோர்வேக்கு வந்த முதல் மூதாதையான பியேர் மொந்தெல்லின் பெயரைப் போடவேண்டும் என்பது கரோலினாவின் ஆசை. அதற்கு முதல் பரம்பரையை உறுதிசெய்து, கையெழுத்து வைத்துத் தரவேண்டும். உதயகுமாரி ஒப்புக்கொண்டாள். இரண்டாம் முறை வந்தபோதுதான் கரோலினா தன் பழைய வேலையைச் சொன்னார். வெளிநாட்டவர் கொண்டுவரும் அடையாளப் பத்திரங்களில் பொய்யைக் கண்டுபிடிப்பதுதான், இளைப்பாறும்வரை அவருடைய தொழில். அன்றிலிருந்து கரோலினா வரும்போதெல்லாம் கணவர் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவுவார்.

போன வாரம் உதயகுமாரி பியேரின் அடக்கப் பதிவைக் கண்டாள்.

"இஞ்சாருங்கோ, இந்தப் பிள்ளை நாலு மாசத்திலை செத்துப்போச்சு."

"அப்ப இஞ்சை வந்து கலியாணம் கட்டினது ஆர், பேயோ?"

"செத்த பிள்ளையின்ர ஞானஸ்நானப் பத்திரத்தோடை வேறை ஆரோ ஒருத்தன் வந்திருக்கிறான்."

துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை அவர் கீழே வைத்தார். வந்து அவள் கதிரைக்குப் பின்னால் நின்றார். அவள் திரையைக் காட்டினாள். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயரை வைப்பது அந்தக் காலத்து வழக்கம். பியேரின் தகப்பன் ஜாக். ஆனால் இங்கே வந்தவன் தன் மூத்த மகனுக்கு வைத்த பெயர் மாட்ஸ், ஒரு டேனியப் பெயர். மொந்தெல் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு மாட்ஸ் என்று ஒருவரும் இல்லை. அந்தக் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்றவன் டென்மார்க்கின் யூட்லாந்திலிருந்து கப்பலில் மாடு கொண்டுவந்த ஒருவன். அவனும் ஒரு மாட்ஸின் மகன். அங்கே குடியானவப் பையன்கள் பண்ணையாரின் நிலத்தை விட்டு நகரமுடியாத காலம் அது. பிரடெரிசியாவின் பிரெஞ்சுக்காரருக்கோ அந்தக் கட்டும் இல்லை, பட்டாளச் சேவையும் இல்லை.

"பாவி" என்றார் கணவர் மெதுவாக. "எல்லாத்தையும் மாத்தினவன், பிள்ளைக்குப் பேர் வைக்கேக்கை மாட்டுப்பட்டுப் போனான்."

"சொந்த அண்ணனைத்தான் ஞானத்தகப்பனாக் கூப்பிட்டு நிப்பாட்டியிருக்கிறான் போல."

"இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தித் தப்பி வந்தவனைப் பிடிச்சுக் குடுக்கப் போறியோ? கல்லிலை ஒரு சிலுவை கிடந்தா உனக்கென்ன?"

"பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? பிறகு நான் கண்டுபிடிச்ச ஒண்டும் உண்மையில்லை எண்டாகும்."

"ஆகட்டும். உனக்கு எப்பிடி விளங்கினது எண்டு அந்த மனிசி கேக்கும். அதுக்கு என்ன சொல்லுவாய்?"

அவள் கணினித் திரையை அணைத்தாள். அடுத்த இரண்டு நாளும் அவர்கள் உப்பு, புளி பற்றி மட்டும் கதைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கரோலினா வந்தார். நாளைக்குக் கல் செதுக்குபவருக்குச் சொல்லவேண்டும் என்றார். சமையலறையில் குழாய் ஓடத் தொடங்கியது. உதயகுமாரி நோர்வேஜிய மொழியில், ஒன்றையும் பூசி மெழுகாமல், எல்லாவற்றையும் சொன்னாள்: நான்கு மாதக் குழந்தையின் அடக்கம், மாட்ஸ், மாட்டுக்காரன்.

கரோலினா திரையில் இருந்த அடக்கப் பதிவின் வரியை விரலால் தொட்டார். "அவனுடைய சொந்தப் பெயர் என்ன?"

"தெரியவில்லை. தகப்பன் பெயர் மட்டும்தான் கிடைத்தது."

"என் முன்னால் உட்கார்ந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் பிடித்திருப்பேன்." சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தம்பி குளிக்கும்போதுகூட அந்தச் சிலுவையைக் கழற்றமாட்டான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டபோது அந்தக் கண்கள் வேலைக்குத் திரும்பியிருந்தன.

"எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் இதைத் தேடியிருக்கிறார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. உங்களுக்கு ஏன் வந்தது?"

"மூத்த மகனின் பெயர்..."

"இல்லை. அது அத்தாட்சி. அத்தாட்சியைத் தேட முதல் ஒருவருக்குச் சந்தேகம் வரவேண்டும். செத்தவனின் பத்திரத்தில் ஒருவன் வரலாம் என்று யோசிப்பதற்கு, அப்படி வந்த ஒருவரைத் தெரிந்திருக்கவேண்டும்."

சமையலறையில் குழாய் நின்றது.

கரோலினாவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. "உங்கள் கணவர்..." என்று தொடங்கினார்.

உதயகுமாரி எழுந்தாள். அவசரப்படாமல் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். மேசையடியிலிருந்து தன் கதிரையை இழுத்து வந்து, சாத்திய கதவோடு ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

"கேட்கவேண்டியதை என்னிடம் கேளுங்கள்" என்றாள்.