பொய் என்று எழுதிய போத்தல்

இங்கிலிசு எழுத்து இருபத்தாறையும் நான் பிடித்தது அக்கராயன் என்ற ஊரில், சண்டைக்குத் தப்பி நாங்கள் இடம்பெயர்ந்து வந்திருந்த வருடம். மரத்தடியில்தான் பள்ளிக்கூடம். எழுத்தின் ஒலி தெரிந்தால் தமிழைப்போலவே கூட்டி வாசித்துவிடலாம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். சவர்க்கார உறையை ‘சோஅப்’ என்றும் மா மூட்டையை ‘ஃப்லோஉர்’ என்றும் உரத்து வாசிப்பேன். “வெள்ளைக்காரி வந்திட்டா, இருக்கக் கதிரையைக் குடுங்கோ” என்று அப்பா சிரிப்பார். எனக்கோ பட்டம் கிடைத்த மாதிரி.

ஒருநாள் தம்பி வயிற்றுநோவில் துடித்தான். பக்கத்துக் கொட்டிலில் இருந்த மாமி ஒரு போத்தலோடு ஓடிவந்தார். உள்ளே வெள்ளை மருந்து.

“உது வயித்துக்குக் குடுக்கிறதுதான் மச்சாள். ரெண்டு கரண்டி பருக்குங்கோ.”

அம்மா கரண்டியில் ஊற்றியும்விட்டார். நான் போத்தலைத் தூக்கினேன். ஒட்டியிருந்த கடதாசி கிழிந்துபோய், சிவப்பில் ஒரு சொல் மட்டும் மிச்சம். விடுவேனா?

“பொ... இ... பொய்... சொன். பொய்சொன்!”

அம்மாவின் கை நின்றது. “என்னடி, பொய்யோ?”

“ஓம் அம்மா. பொய் எண்டுதான் கிடக்கு.”

“மருந்து பொய் சொல்லுமே? உவள் படிச்சுக் கிழிச்சது காணும், நீங்கள் பருக்குங்கோ” என்றார் மாமி.

“அம்மாளாச்சி! பொய் எண்டு எழுதினதை என்ர பிள்ளையின்ர வாயில வைக்கமாட்டன்.” அம்மா கரண்டியை வெளியே கவிழ்த்தார்.

அப்பா தம்பியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் அம்மாவும் போத்தலோடு பின்னால் ஓடினோம். அங்கே மருந்து கொடுக்கிற ஐயா அதை வாங்கிப் பார்த்தார். சிரங்குக்குப் பூசுகிற மருந்தாம். அம்மாவின் காதருகே குனிந்து இன்னும் ஏதோ மெல்லச் சொன்னார். பிறகு உரத்துக் கேட்டார்:

“ஆர் இதை வாசிச்சது?”

“என்ர மகள்.”

அம்மா அவ்வளவு நிமிர்ந்து நின்று கதைத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. வாசித்தது நான், வாசிக்க வைத்தவள் அம்மாளாச்சி என்றே இன்றும் நம்புகிறேன்.

தம்பிக்கு நோ தணிந்து திரும்பும் வழியில், அம்மாளாச்சி கோயில் வாசலில் அம்மா திருநீற்றை அள்ளி என் நெற்றி நிறையப் பூசினார். பெருமையோடு கேட்டேன்: “அந்தப் போத்தல் என்ன பொய்யம்மா சொன்னது?”

அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்று அர்த்தம் தெரிய நான் இன்னும் இரண்டு வகுப்பு ஏறவேண்டியிருந்தது. அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டு அழுதார். சுகமான பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு இவர் ஏன் அழுகிறார் என்று பார்த்தபடி நின்றேன்.