பட்டாபட்டியில் ஒரு தீவுப் பயணம்

நான் பெண் பார்க்கப் போன நாளில், பெண் வீட்டில் பஜ்ஜி சாப்பிட வேண்டிய நேரத்தில், நடுத்தண்ணீரில் பட்டாபட்டி டிராயரோடு நின்று மீன் குழம்பு கிளறிக்கொண்டிருந்தேன். இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள இத்தனை வருஷமும் ஓரளவு வழுக்கையும் தேவைப்பட்டிருக்கின்றன.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் கிளர்ச்சி நடந்த காலம். கள்ளக்குறிச்சியில் எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவன் பூகோள வாத்தியார். இன்னொருவன் மாட்டுத் தரகர் மகன். ரகசியம் சொன்னாலும் நாலு தெருவுக்குக் கேட்கும் தொண்டை. மூவரும் அந்தமான் போய் நண்டு தின்பதென்று வெகுகாலமாகத் திட்டம். திட்டம் விழுப்புரம் வரைகூட நகரவில்லை. கடைசியில் வாத்தியார்தான் வழி கண்டுபிடித்தான்.

"தீவுன்னா இன்னாடா? நாலு பக்கமும் தண்ணி, நடுவுல நெலம். கோமுகி அணை ரொம்பினா நடுவுல ஒரு மேடு நிக்குதில்ல? அது தீவுதான். அடிக்கிற வெயிலுக்கு வெப்ப மண்டலத் தீவு."

பாடப் புத்தகத்தை மறுத்துப் பேசும் துணிச்சல் எங்களுக்கு எப்போதுமே இருந்ததில்லை. இதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது. எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீடு, அணைக்குப் பக்கத்தில் கச்சிராயபாளையத்தில். அப்பாவும் அம்மாவும் சாயங்காலம் நாலு மணிக்கு டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார்கள். காலையில் தீவு, மாலையில் பெண். ஏற்கெனவே ஓர் இடம் நான் நேரத்துக்குப் போகாததால் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா அடுத்த பொண்ண நீயே தேடிக்க" என்று அப்பா சொல்லியிருந்தார். என் போட்டோவை அவர் அனுப்பவில்லை. நேரில் பார்த்தால் ஓரளவு தேறுவேன் என்பது அவர் கணிப்பு.

பரிசல்காரர் எங்களையும் கொஞ்சம் கெண்டை மீனையும் மேட்டில் இறக்கிவிட்டு, "மத்தியானம் வந்து கூட்டிக்கினு போறேங்க" என்று சொல்லிப் போனார்.

முதலில் ஊர் சுற்றிப் பார்த்தோம். பார்க்க வேண்டிய இடங்கள்: ஒரு பாறை, சில வேலிக்காத்தான் மரங்கள், எங்களைக் கண்டதும் வெளிநடப்பு செய்த ஒரு நாரை. கூலிங்கிளாஸ் போட்ட வாத்தியார் எல்லாவற்றையும் விளக்கினான். இது வடக்குக் கடற்கரை. ஏழெட்டு அடி தள்ளினால் தெற்குக் கடற்கரை. எதிரே நீலமாகத் தெரிந்த கல்வராயன் மலையைக் காட்டி, "அதுதான் தாய்நிலம்" என்றான், வருஷக்கணக்கில் பிரிந்திருந்தவன் போல.

அடுத்து உள்ளூர் உணவு. மலைக்காரர்கள் சந்தையில் விற்ற சாமை அரிசியை வாங்கிப் போயிருந்தோம். சமையல் பொறுப்பு என்னுடையது. வீட்டில் வெந்நீர் போட்ட அனுபவம் இருந்தது. பெண் பார்ப்பதற்காகத் தைத்த பேண்ட்டிலும் சட்டையிலும் குழம்பு பட்டுவிடக் கூடாதே என்று இரண்டையும் கழற்றி வேலிக்காத்தானில் மாட்டினேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று அன்று நினைத்தேன்.

சாமை பசையானது. மீன் குழம்பில் கரைந்து, முள் மட்டும் நேர்மையாக மிஞ்சியது.

"இன்னாடா இது?" என்றான் தரகர் மகன்.

"உள்ளூர் சாப்பாடு."

"எந்த ஊர்ல?"

மத்தியானம் போயும் பரிசல் வரவில்லை. கரையைப் பார்த்தோம். ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டிக் கிடந்தது. அதைச் சுற்றிப் பெரிய கூட்டம். பரிசல் கவிழ்ந்திருந்தது, அதன் மேல் பரிசல்காரர் உட்கார்ந்திருந்தார். தரகர் மகன் தொண்டையைத் திறந்தான்.

"பரிசல எடுத்துக்கினு வாய்யா!"

"மறியலுங்க! பஸ்ஸே ஓடல, பரிசல் ஓடுமா?"

"தண்ணில ஏதுய்யா மறியல்?"

"ரோட்ல மரத்தப் போட்டுக்கீறோம். தண்ணில போட மரம் இல்ல, பரிசலக் கவுத்துட்டோம்!"

"நாங்களும் உங்க பக்கந்தான்யா!"

"எங்க பக்கம்னா அங்க இன்னாங்க பண்றீங்க? இங்க வாங்க!"

மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. என் நிலைமையை உணர்ந்த தரகர் மகன், பெண்ணின் அப்பா பெயரையும் தெருவையும் சேர்த்து, அணை முழுவதும் கேட்கும்படி அறிவித்தான்.

"அவரு வூட்டுக்குப் பொண்ணு பாக்க மாப்ள வந்துக்கீறாருய்யா! அவர மட்டுமாச்சும் உடுங்க!"

கரையில் சலசலப்பு. பெண்கள் பக்கத்திலிருந்து சிலர் தண்ணீர் ஓரம் வரை வந்தார்கள். "யாருங்க மாப்ள?" என்று ஒரு குரல். வாத்தியார் எழுந்து நின்று, என்னைக் காட்டுவதற்காகக் கையை உயர்த்தினான். கரையெங்கும் கைதட்டல். மிச்சக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த நானும் மரியாதைக்குக் கரண்டியை உயர்த்தினேன்.

இருட்டும் நேரத்தில், கூட்டம் கலைந்த பிறகுதான் பரிசல் வந்தது. குழம்பு வாசனையோடு பெண் வீட்டுக்குப் போகும் தைரியம் எனக்கு இல்லை. கரும்புக் காட்டு ஓரமாகக் கள்ளக்குறிச்சிக்கு நடந்தோம். வீட்டில் அப்பா திட்டவில்லை. அவர் வந்த பஸ்ஸும் பாதி வழியில் ஒரு மரத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டதாம்.

இந்த இடமும் போயிற்று என்று இருந்தபோது, பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அன்று மறியலில் அவர்களும் இருந்தார்களாம். மாப்பிள்ளையைப் பார்த்தாயிற்று, பெண்ணுக்கு முழுச் சம்மதம், இனி பெரியவர்கள் வந்து பேசினால் போதும். நான் பூரித்துப்போனேன். டிராயரோடு பார்த்தும் பிடித்திருக்கிறது என்றால் அது என் ஆளுமை அல்லாமல் வேறென்ன? நிச்சயதார்த்தத்தில் பெண் தலையே நிமிரவில்லை. என்ன அடக்கம் என்று அம்மா நெகிழ்ந்தாள்.

கல்யாணமாகிப் பல மாதம் கழித்து, அன்று கரையிலிருந்து பார்த்தபோது என்னிடம் என்ன பிடித்தது என்று மனைவியிடம் கேட்டேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"கூலிங்கிளாஸ் போட்டுக்கினு கைய தூக்கினாரே, அவருதான் மாப்ளன்னு நெனச்சேன். தாலி கட்டறப்பதான் நிமிந்து பாத்தேன். அன்னிக்கு சமைக்க வந்த ஆளு இன்னாத்துக்கு மாலையப் போட்டுக்கினு ஒக்காந்துக்கீறாருன்னு இருந்திச்சி."